பெலாகியா ஒட்டிய தபால் தலை

லபுகாவன் தபால் நிலையத்தில் அப்போது மூன்று பேர் இருந்தோம். போஸ்ட்மாஸ்டர் தும்லாவ் உள்ளறையில் மின்விசிறிக்கு அடியில் இருப்பார். பெலாகியா பூமங்லாக் கவுண்டரில் இருப்பார். நான், ருஃபினோ, பையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஊர் சுற்றுவேன். மூவரில் வேலை பார்ப்பது பெலாகியா மட்டும்தான் என்று ஊரில் பேச்சு. போஸ்ட்மாஸ்டர் அதை மறுத்ததில்லை. நானும் மறுக்கவில்லை.

பெலாகியாவுக்கு நாற்பத்தேழு வயது. பெரிய கண்ணாடி போட்டிருப்பார். சிரிப்பது குறைவு. எங்கள் ஊரில் பாதிக் குடும்பத்துக்கு ஹவாயில் ஆள் உண்டு. அப்பாக்கள் கரும்புத் தோட்டத்துக்குப் போனார்கள், பிள்ளைகள் ஓட்டல் தோட்டத்துக்குப் போனார்கள். யார் எந்தத் தெருவில் இருக்கிறார், எப்போது வீடு மாறினார் என்பதெல்லாம் பெலாகியாவின் தலைக்குள் இருந்தது. முகவரி தப்பாயிருந்தால் உறையைத் திருப்பித் தள்ளிவிடுவார்.

"உன் தம்பி மார்ச்சுலயே அந்த வீட்டைக் காலி பண்ணிட்டான். புது நம்பரைப் போடு."

"எனக்கே தெரியாதே அக்கா, உனக்கு எப்படித் தெரியும்?"

"உனக்கு அவன் தம்பி. எனக்கு அவன் முகவரி. போடு."

இருபத்துநாலு வருட வேலையில் அவர் தனக்காக ஒரு கடிதம் எழுதி நான் பார்த்ததில்லை. அவருக்கு ஒரு கடிதம் வந்தும் பார்த்ததில்லை. வந்திருந்தால் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும்.

அவருக்கு முப்பது வயதாக இருந்தபோது கொர்னேலியோ மதராங் என்பவர் அவரைக் கல்யாணத்துக்குக் கேட்டார். கேட்ட இடம் தபால் நிலைய வரிசை. கொர்னேலியோ மறுவாரம் ஹவாய்க்குக் கிளம்புவதாக இருந்தார், அவருடைய அப்பா அங்கிருந்து காகிதம் எல்லாம் அனுப்பிவிட்டார். ஒரு உறையை நீட்டி, எடை போடச் சொல்லி, அதே மூச்சில் "என்னோட வர்றியா, கட்டிக்கலாம்" என்று கேட்டுவிட்டார். பின்னால் பதினோரு பேர் நின்றார்கள். பெலாகியா உறையை எடை போட்டு, தபால் தலையை எடுத்துக் கொடுத்து, "அடுத்தது யாரு?" என்றார். கொர்னேலியோ போய்விட்டார். பதினேழு வருடம் ஆயிற்று. அவர் அங்கே எவளையும் கட்டிக்கொள்ளவில்லை என்று அவருடைய அக்கா சந்தையில் சொல்லிக்கொண்டிருந்தாள். பெலாகியா காதில் விழும்படிதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் சொல்ல வந்தது தபால் தலைகள் வந்த கதை. அது ஒரு ஜூலை மாதம். மேலிடத்திலிருந்து ஒரு கட்டு வந்தது. ஐயாயிரம் தபால் தலைகள், எல்லாம் ஹவாய்க்கு விமானத் தபாலில் ஒட்டும் விலைக்கு. எல்லாவற்றிலும் ஒரே ஆள். நீண்ட முகம், ஒட்டிய கன்னம், உயர்ந்த கழுத்துப்பட்டி, தோளில் சரிகை. சிமோன் பொலிவார். தென் அமெரிக்காவில் நாலைந்து நாடுகளை ஸ்பெயின்காரர்களிடமிருந்து விடுவித்தவர், பிறந்து இருநூறு வருடம் ஆகிறது என்று கூட வந்த சுற்றறிக்கையில் போட்டிருந்தது. இவை விற்றுத் தீரும்வரை அதே விலையில் வழக்கமான தபால் தலை கிடையாது என்றும் போட்டிருந்தது.

போஸ்ட்மாஸ்டர் அதை இரண்டு தடவை படித்தார்.

"ஐயாயிரமா? நம்ம ஊர்ல ஆளே அவ்வளவு இல்லையே, பெலாகியா."

"கடிதம் இருக்கு சார். வித்துடும்."

சந்தை நாளில் மீன் விற்கும் லியோனோராதான் முதலில் வாங்கினாள். படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"யாரு இந்த ஆளு? மூணு நாளா சாப்பிடாத மாதிரி இருக்கான்."

"ஸ்பெயின்காரனைத் துரத்தினவர்," என்றார் பெலாகியா.

"நம்மளை முந்நூறு வருஷம் ஆண்டானே, அந்த ஸ்பெயின்காரனையா? அப்ப நம்ம பக்கம் ஏன் வரல?"

"தூரம்."

லியோனோரா அதை ஒப்புக்கொண்டு, நாக்கில் தடவி ஒட்டி, தன் அண்ணனுக்கு அனுப்பினாள். மூன்று வாரத்தில் பதில் வந்தது. அண்ணன் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். அடுத்து, பூண்டு வியாபாரி ஒருவர் தன் மகனிடம் தொலைக்காட்சிப் பெட்டி கேட்டு எழுதினார். மகனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, பெட்டி வாங்க வழியில்லை, பெண் யாரென்று அப்புறம் எழுதுகிறேன் என்று பதில் வந்தது. மூன்றாவது கடிதம் பதிலே இல்லாமல் கிடந்தது. இந்த மூன்றும் சந்தையில் ஒன்றாகச் சேர்ந்து, அந்தத் தபால் தலைக்கு ராசியில்லை என்ற பேச்சாயின.

பேச்சு வளர்வதைப் பார்த்து போஸ்ட்மாஸ்டருக்கு ஒரு யோசனை வந்தது. அவருக்கு வருடத்துக்கு ஒன்று வரும். உயர்நிலைப் பள்ளியில் சரித்திரம் நடத்தும் அர்செனியோ வாத்தியாரைக் கூப்பிட்டு, சந்தை நாளில் தபால் நிலைய வாசலில் அந்தத் தலைவரைப் பற்றிப் பேசச் சொன்னார். மரியாதை வந்தால் விற்பனை வரும் என்று கணக்கு.

வாத்தியார் நன்றாகத் தயார் செய்துகொண்டு வந்தார். மலைகளைத் தாண்டியதைச் சொன்னார். போர்களைச் சொன்னார். ஜனங்கள் மீன் கூடையை இறக்கிவைத்துக் கேட்டார்கள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் எதையும் பாதியில் விடுகிறவர் அல்ல.

"கடைசியில், தான் விடுவித்த மக்களாலேயே வெறுக்கப்பட்டு, பதவியைத் துறந்து, நாட்டைவிட்டுப் போகும் வழியில், காசநோய் முற்றி, நாற்பத்தேழே வயதில் அந்த மாமனிதர் மாண்டார்," என்று முடித்தார்.

பிறகு லியோனோரா, "காசமா?" என்றாள்.

"ஆமாம். அந்தக் காலத்தில் மருந்து கிடையாது."

"காசத்துல செத்தவனையா நாங்க நக்கிக்கிட்டு இருக்கோம்?"

"அம்மா, அது காகிதம். ஆள் செத்து நூற்றைம்பது வருஷம் ஆச்சு."

"காசம் போகாது சார். எங்க சித்தப்பா படுத்த பாயை எரிச்சே பார்த்தோம்."

அன்று மாலைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பெலாகியா ஒரு கிண்ணத்தில் ஈரப் பஞ்சு வைத்தார். நக்க வேண்டாம், இதில் தொட்டு ஒட்டுங்கள் என்றார். மறுநாள் பஞ்சுக்கும் காசம் என்று சொல்லிவிட்டார்கள். ஜனங்கள் சின்ன விலைத் தபால் தலைகளைக் கேட்டார்கள். ஒரு உறைக்கு எட்டு ஒட்ட வேண்டும், முகவரி எழுத மூலையில்தான் இடம் கிடைத்தது. பத்து நாளில் அவையும் தீர்ந்தன. அப்புறம் ஜீப்னி வண்டி பிடித்துப் பக்கத்து ஊருக்குப் போனார்கள். அங்கேயும் அதே பொலிவார் உட்கார்ந்திருந்தார். செப்டம்பர் கடைசியில் லபுகாவனிலிருந்து ஹவாய்க்கு ஒரு கடிதமும் போகவில்லை. அங்கிருந்தவர்கள் பயந்து தந்தி கொடுக்க ஆரம்பித்தார்கள். ஊரில் புயலா, ஏன் சத்தமே இல்லை என்று கேட்டு.

நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் கையில் இருந்தன. போஸ்ட்மாஸ்டர் மாற்றல் வருமோ என்ற கவலையில் மெலிந்தார். எனக்குக் கொண்டுபோகக் கடிதம் குறைந்ததால் முழங்கால் வலி குறைந்தது. அதை நான் வெளியில் சொல்லவில்லை.

அக்டோபர் முதல் சந்தை நாளில் லியோனோரா வந்தாள். கடிதம் போட அல்ல, வேடிக்கை பார்க்க. கூடவே ஏழெட்டுப் பெண்கள்.

"என்னக்கா, உன் நோயாளி எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கார். உன் அண்ணன் இடுப்பு எப்படி இருக்கு?"

"அதை ஏன் கேக்கற. எல்லாம் இந்த ஆளால வந்தது. எங்ககிட்ட விக்கிறியே, நீ ஒண்ணை நக்கி ஒட்டு பார்ப்போம். பஞ்செல்லாம் இல்ல. நாக்கால."

"ஒட்டறேன். அதுல என்ன."

"வெறும் காகிதத்துல ஒட்டினா செல்லாது. ஒழுங்கா கடிதமா எழுதி ஒட்டணும்."

"எழுதறேன்."

"யாருக்கு எழுதுவே? உனக்குத்தான் அங்க யாருமே இல்லையே."

பின்னாலிருந்து ஒருத்தி, "ஏன், கொர்னேலியோ இருக்கானே," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

பெலாகியா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. ஒரு தாளை எடுத்தார். நின்றபடியே நாலு வரி எழுதினார். மடித்து உறைக்குள் வைத்தார். தன் பையிலிருந்து காசு எடுத்துப் பெட்டியில் போட்டார். ஒரு பொலிவாரைக் கிழித்தெடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நாக்கை முழுசாக நீட்டி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை தடவினார். ஒட்டினார். முத்திரை குத்தினார். பிறகு முகவரி எழுதினார்.

அப்போதுதான் சிரிப்பு நின்றது. அவர் எதையும் பார்த்து எழுதவில்லை. வீட்டு எண், தெரு, ஊர், கடைசியில் வரும் அஞ்சு இலக்கம் எல்லாமே கையிலிருந்து தானாக வந்தது. கொர்னேலியோ மூன்று தடவை வீடு மாறியிருந்தார். எழுதியது கடைசி வீட்டு எண்.

"பார்த்தாச்சா?" என்றார் பெலாகியா. "வழியை விடுங்க, வேலை இருக்கு."

அவர் என்ன எழுதினார் என்று எனக்குப் பிற்பாடு தெரிந்தது. "இது பொலிவார் தபால் தலையைச் சோதிக்க எழுதுவது. கிடைத்த தேதியைத் தெரிவிக்கவும். நான் நலம். நீங்கள் நலமா." அவ்வளவுதான்.

ஊர் காத்திருந்தது. பெலாகியா நடந்தால் பார்த்தார்கள், சாப்பிட்டால் பார்த்தார்கள். இரண்டாவது வாரம் அவருக்குச் சளி பிடித்தது. மழைக்காலம், ஊரில் பாதிப் பேருக்குச் சளி. ஆனால் பெலாகியா கவுண்டரில் ஒரு தடவை இருமியதும் வரிசை வாசல்வரை பின்வாங்கியது. போஸ்ட்மாஸ்டரும் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"லீவு போடேன், பெலாகியா," என்று கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னார்.

"லீவு போட்டா செத்துட்டேன்னு சொல்வாங்க சார்."

மதியம் சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சளியைப் பரிசோதிக்கக் கொடுத்தார். காசம் இல்லை என்று மருத்துவர் கையெழுத்துப் போட்டு எழுதித் தந்தார். பெலாகியா அந்தச் சீட்டை அறிவிப்புப் பலகையில், தபால் தலை விளம்பரத்துக்குப் பக்கத்தில், நாலு மூலைக்கும் ஊசி குத்தி மாட்டினார். ஜனங்கள் வந்து படித்தார்கள். மருத்துவர் பெலாகியாவுக்குத் தூரத்து உறவு என்பதையும் பேசிக்கொண்டார்கள்.

மாதக் கடைசியில் பையைப் பிரித்தபோது பதில் இருந்தது. தடித்த உறை. நான்தான் முதலில் பார்த்தேன். கவுண்டருக்குக் கொண்டுபோய், மற்றவர்களுக்குக் கொடுப்பதுபோலவே பேர் சொல்லிக் கொடுத்தேன். "பெலாகியா பூமங்லாக்." அவர் கையெழுத்துப் போட வேண்டிய கடிதம் இல்லை, இருந்தும் பேனாவைத் தேடினார்.

பத்து நிமிஷத்தில் லியோனோரா மீன் கடையை விட்டுவிட்டு வந்து நின்றாள். அவளுக்கு யார் சொன்னார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

"பிரி அக்கா. யாரு செத்தது?"

"வேலை நேரம்," என்று பெலாகியா உறையை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

ஐந்து மணிவரை முப்பது பேர் வாசலில் நின்றார்கள். ஒருத்தி எம்பனாடா பலகாரச் சட்டியைக் கொண்டுவந்து அங்கேயே சுட்டு விற்றாள். ஐந்து அடித்ததும் பெலாகியா கவுண்டர் பலகையை இறக்கினார், இழுப்பறையைத் திறந்தார், பிரித்தார். உள்ளே இரண்டு தாள்களும் ஒரு மணியார்டரும். முதல் தாளைத் தனக்குள் படித்துவிட்டு, உரக்க ஒருமுறை படித்தார்.

கடிதம் ஒன்பதே நாளில் கிடைத்தது, இதுவரை இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. கொர்னேலியோ நலம், முட்டி மட்டும் வலிக்கிறது. பக்கத்து வீட்டில் எவுசேபியோ என்று ஸ்பானிஷ் பேசும் ஒரு போர்ட்டோ ரிக்கோக்காரர், கரும்புத் தோட்டத்தில் கூட வேலை பார்த்தவர். உறையைப் பார்த்ததும் அதைப் பிடுங்கி, தபால் தலையில் முத்தம் கொடுத்து, பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினார். எங்கள் ஆளை உங்கள் தேசத்தில் போட்டிருக்கிறார்களா என்று அழுதேவிட்டார். இப்போது அவருக்கு அறுபது வேண்டும், அவருடைய சர்ச்சில் எல்லோருக்கும் வேண்டும். அதற்கான மணியார்டர் இத்துடன் இருக்கிறது.

"முத்தம் கொடுத்தானா?" என்றாள் லியோனோரா.

"அப்படித்தான் எழுதியிருக்கு."

"அவனுக்குக் காசம் வரலையா?"

"எழுபத்திரண்டு வயசாம். தினமும் நீந்தப் போறாராம்."

லியோனோரா யோசித்தாள். "ரெண்டாவது தாள்ல என்ன?"

பெலாகியா அதை மடித்து ரவிக்கைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். முப்பது பேரும் பிரிந்து வழிவிட்டார்கள்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் கேட்கக் கேட்க, அங்கிருந்த எங்கள் ஆட்களும் ஊருக்கு எழுதினார்கள். அந்த ஒல்லி ஆள் தபால் தலை ஒட்டி எழுதுங்கள், இங்கே அதை வாங்க ஆள் இருக்கிறது என்று. ஏணியிலிருந்து விழுந்த அண்ணனும் எழுதினான். லியோனோரா ஒரே நாளில் நாற்பது வாங்கினாள். இரண்டு வரிக் கடிதத்துக்கு நாலு பொலிவார் ஒட்டினார்கள். நாக்கால்தான் ஒட்டினார்கள். பிப்ரவரியில் கட்டு காலியாயிற்று. மேலிடத்திலிருந்து போஸ்ட்மாஸ்டருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. விடுதலை வீரர்களைப் போற்றுவதில் லபுகாவன் மக்களின் ஆர்வம் மற்ற ஊர்களுக்கு முன்மாதிரி என்று அதில் இருந்தது. அவர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

அந்த மாதங்களில் பெலாகியாவுக்கு வாரம் ஒரு கடிதம் வந்தது. வாரம் ஒன்று போனது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஒருநாள் எடைத் தட்டில் உறையை வைத்துவிட்டு எண்ணைப் பார்க்காமல் நின்றார். நான் இருமினேன். "தெரியும்," என்றார்.

மார்ச்சில் கொர்னேலியோ வந்தார். ஐம்பத்திரண்டு வயது, பூப்போட்ட சட்டை, முட்டி மடங்கவில்லை. மூன்று பெரிய பெட்டிகள் நிறைய டின் இறைச்சியும் சோப்பும் கொண்டுவந்திருந்தார். மறுநாள் காலை போஸ்ட்மாஸ்டர் வீட்டுக்கே போய்விட்டார், என்னையும் வரச்சொல்லி.

"போன தடவை தப்பா கேட்டுட்டேன். இந்தத் தடவை முறைப்படி கேக்கணும். எங்க அப்பா, பெரியப்பா யாரும் இப்ப இல்ல. நீங்க ரெண்டு பேரும்தான் எனக்காகப் பேசணும்."

போஸ்ட்மாஸ்டரின் முகம் வெளுத்தது. "நான் பெலாகியாகிட்டயா?"

"நீங்கதானே அவளுக்கு மேலதிகாரி, சார்."

"அது காகிதத்துல," என்றார் போஸ்ட்மாஸ்டர்.

ஞாயிற்றுக்கிழமை, கரும்பு மது ஒரு ஜாடியும் ஒரு சேவலும் எடுத்துக்கொண்டு போனோம். பெலாகியாவின் அண்ணன் மார்சியால் எங்களை உட்காரவைத்தார். எங்கள் பக்கத்தில் பெண் கேட்பவர்கள் நேராகக் கேட்கக் கூடாது, சுற்றி வளைத்துத்தான் பேச வேண்டும். போஸ்ட்மாஸ்டர் இரவெல்லாம் மனப்பாடம் செய்ததை ஆரம்பித்தார்.

"மார்சியால், எங்க எருமை ஒண்ணு காணாமப் போச்சு. அடிச்சுவட்டைப் பார்த்துக்கிட்டே வந்தோம். அது உங்க வாசல்ல வந்து நின்னுடுச்சு…"

சமையலறையிலிருந்து பெலாகியாவின் குரல் வந்தது. "எருமை எதுவும் இங்க வரல சார். விஷயத்தைச் சொல்லுங்க, அடுப்புல சோறு இருக்கு."

போஸ்ட்மாஸ்டருக்கு மீதி மறந்துவிட்டது. என்னைப் பார்த்தார். நான் சேவலைப் பார்த்தேன். பெலாகியா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அண்ணனுக்குப் பக்கத்தில் நின்று, கொர்னேலியோவிடமே நேராகக் கேட்டார்.

"பதினேழு வருஷமா ஏன் ஒரு கடிதம் எழுதல?"

"எழுதினா நீதானே முத்திரை பார்த்துப் பிரிக்கணும். ருஃபினோ கொண்டாந்து கொடுக்கணும். ஊரே வேடிக்கை பார்க்கும். ஒரு தடவை பட்டதே போதும்னு இருந்தது."

பெலாகியா என்னைப் பார்த்தார். நான் மறுபடி சேவலைப் பார்த்தேன்.

"சரி," என்றார் கொர்னேலியோ, "நீ ஏன் எழுதல? என் வீட்டு நம்பரெல்லாம் தெரிஞ்சிருந்ததே."

"எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்ல."

பிறகு பெலாகியா தன் நிபந்தனைகளைச் சொன்னார். ஹவாய்க்கு வர முடியாது. பென்ஷனுக்கு இன்னும் பதினெட்டு வருடம் இருக்கிறது, அதுவரை வேலையை விட முடியாது. இங்கேயே இருப்பதானால் சரி.

"முட்டி போனதுக்கு எனக்குத் தர்ற பென்ஷன் எங்க இருந்தாலும் வரும்," என்றார் கொர்னேலியோ. "ஆனா அந்தச் சட்டையை மாத்தச் சொல்லக் கூடாது."

பெலாகியா சட்டையைப் பார்த்தார். நெஞ்சில் இரண்டு அன்னாசிப் பழம், முதுகில் ஒரு பெரிய பூ. "சர்ச்சுக்குப் போடக் கூடாது," என்றார். அப்படியாக முடிவாயிற்று. போஸ்ட்மாஸ்டர் ஜாடியைத் திறந்து முதல் ஆளாகக் குடித்தார்.

மே மாதம் கல்யாணம் நடந்தது. லியோனோரா பெரிய மீன் ஒன்றை இலவசமாகக் கொடுத்தாள், அவள் அப்படிச் செய்தது அதற்கு முன்னும் பின்னும் கிடையாது. கொர்னேலியோ ஆற்றோரம் நிலம் வாங்கிப் பூண்டு போட்டார். இருவரும் நிறையச் சண்டை போட்டார்கள், பெரும்பாலும் பூண்டை எப்போது பிடுங்குவது என்பது பற்றி. பெலாகியா அதிகம் சிரிக்க ஆரம்பித்தார் என்று சொன்னால் பொய். ஆனால் மதியம் பன்னிரண்டு அடித்ததும் பலகையை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனார். அதற்கு முன்பெல்லாம் கவுண்டரிலேயே சாப்பிடுவார்.

பன்னிரண்டாம் வருடம் கொர்னேலியோ வயலில் பூண்டுக் கட்டுகளைத் தூக்கும்போது மாரடைத்து இறந்துபோனார். பெலாகியா விதிப்படி உள்ள விடுப்பை எடுத்துக்கொண்டார், ஒரு நாள் கூட அதிகம் எடுக்கவில்லை. அவர் திரும்பி வந்த காலை வரிசை நீளமாக இருந்தது. கறுப்பு உடையில் அவர் பலகையைத் தூக்கியதும் ஆண்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். யாரும் முன்னால் வரவில்லை.

பெலாகியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நேரம் எடுத்துத் துடைத்தார். பிறகு மாட்டிக்கொண்டு, முதலில் நின்றவரைப் பார்த்தார்.

"தொப்பியை ஏன் கையில வச்சிருக்கீங்க? உறை எங்கே?"

அவர் உறையை நீட்டினார். பெலாகியா எடைத் தட்டில் வைத்து, எண்ணைப் பார்த்தார்.